ஒன்பதாவது புள்ளி: டாட்டூ கடை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் டாட்டூ கடை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேராவது என்னைவிட வயதில் சின்னவர்கள். கடைக்கு வந்தால் அக்கா என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், இடது முன்கையில் ஒரு கோலம் குத்திக்கொண்டேன். மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி, அதைச் சுற்றி ஓடும் சிக்குக் கோலம். என் அப்பத்தாவின் கையில் பச்சை குத்தியிருந்ததும் அதே கோலம்தான். குத்திய பையனின் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஊசியை என் கண் முன்னால் பிரித்தார், கையுறை மாற்றினார், ஒரு கோடுகூட நடுங்கவில்லை. குறை எல்லாம் மிஷினை நிறுத்திய பிறகுதான்.

கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார், இன்ஸ்டாகிராமுக்குப் படம் எடுத்தார், பணத்தை வாங்கினார். நான் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "தண்ணி படாம பாத்துக்கோங்கக்கா. அரிச்சா தேங்கா எண்ணெ தடவுங்க. ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான். தண்ணீர் எத்தனை நாள் படக்கூடாது, பிளாஸ்டிக்கை எப்போது எடுப்பது, எதுவும் நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேர வலி முடிந்த சந்தோஷத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது.

படக்கூடாது என்றாரே என்று கழுவவில்லை. பிளாஸ்டிக்கைக் கட்டு என்று நினைத்து மறுநாள் காலை வரை அப்படியே வைத்திருந்தேன். வேளச்சேரியில் மே மாத ராத்திரி, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. பிரித்தால் உள்ளே வியர்வையும் மையும் கசிந்த நீரும் சேர்ந்து கறுப்புக் கஞ்சி.

அப்புறம் வீடு களத்தில் இறங்கியது. அம்மா சமையல் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். அத்தை போனிலேயே பத்தியம் விதித்தார்: கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால் எல்லாம் கரப்பான், அரிப்பைக் கிளப்பும், தொடவே கூடாது. (பத்தியத்தால் எனக்கு நஷ்டம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கு மட்டுமே. அதை மன்னித்துவிட்டேன்.) மூன்றாம் நாள் சிவந்து தடித்தபோது மெடிக்கல் ஷாப்பில் கையைக் காட்டி ஒரு ட்யூப் வாங்கினேன். கடைசியில் பார்த்த தோல் டாக்டர் அதைத் திருப்பிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்பாம். ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். கிருமி இருந்தால் சிவப்பைக் குறைத்து அதை மறைத்தும் வைக்கும். சீட்டு இல்லாமல் இந்தக் களிம்புகளை விற்காதீர்கள் என்று தோல் மருத்துவர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வாரத்தில் கெட்டியாகப் பொருக்கு கட்டியது. தூக்கத்தில் சொறிந்திருக்கிறேன். காலையில் ஓரத்துப் பொருக்கு பாயில் கிடந்தது, அதோடு ஒன்பதாவது புள்ளியும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்ப அம்மாவும் அத்தையும் மெடிக்கல் ஷாப் அண்ணனும் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் கையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஊசி மையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலுக்குக் கீழே இறக்குகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, காவல் செல்களை அனுப்பி விழுங்க வைக்கிறது. விழுங்கிய செல்லால் ஜீரணிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அந்த செல் செத்தால் சிந்திய மையை அடுத்தது விழுங்கிக்கொள்ளும். பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் 2018இல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். மேல்தோலோ மாதத்துக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் உதிர்வது இந்த மேல்தோல்தான். தானாக உதிர்ந்தால் மை கீழே பத்திரமாக இருக்கும். நாம் பிய்த்தால் மையும் கூடவே வரும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நாற்காலியில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே சொல்லலாம், வலியும் கொஞ்சம் மறக்கும்.

அடுத்து அந்தத் 'தண்ணி படாம'. ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள்: படாமல் அல்ல, ஊறாமல். புது டாட்டூவைக் கழுவியே ஆக வேண்டும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளங்கை, போதும். நாரோ பஞ்சோ வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுக்க டிஷ்யூ தாள், வீட்டில் எல்லோரும் முகம் துடைக்கும் துண்டு அல்ல. சாதாரண பிளாஸ்டிக் தாள் என்றால் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். காற்று போகும் ஒட்டுப்படலம் என்றால் சில நாள் விட்டுவைக்கலாம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் எது என்று சொல்லி அனுப்புங்கள்.

எண்ணெய் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. தேங்காய் எண்ணெயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தலைக்கு. ஆனால் எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலில் நாலு பேர் விரல் விடுகிறோம். அதை எடுத்துப் பச்சைப் புண்ணில் கெட்டியாகப் பூசி, மேலே வியர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பு, தோல் வறளும்போது தண்ணீர் சார்ந்த லோஷன் போடச் சொல்கிறது. பெட்ரோலியம் ஜெல்லி மாதிரியானவை மையை மங்கவைக்கலாம் என்கிறது. எதுவானாலும் மெல்லிசாக, மினுமினுக்காத அளவுக்கு.

இதையெல்லாம் வாசலில் சொல்லாதீர்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள், ஏனென்றால் எப்போது குத்துவது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குக் கடலோ குளமோ நீச்சல் குளமோ கூடாது என்றால், அடுத்த வாரம் ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடப் போகிறவர் தேதியைத் தள்ளி வைக்க வேண்டும். குற்றாலத்துக்கு டிக்கெட் போட்டவரும்தான். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. டாட்டூ குத்தி ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர், கடல்நீர்க் கிருமி புண் வழியாக ஏறி இறந்துபோனதை 2017இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தது, அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் உங்கள் நாற்காலியில் உட்காருபவரின் கல்லீரல் எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, பல சமயம் அவருக்கும் தெரியாது.

அதனால் முதலிலேயே நாலு கேள்வி கேளுங்கள். சுகர் இருக்கிறதா? இருந்தால் ஆற நாளாகும், கிருமி பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ கட்டி மாதிரி வளர்ந்ததா? கீலாய்டு வரும் உடம்பு என்றால் குத்தாமல் இருப்பதே நல்லது, அதிலும் நெஞ்சிலும் தோளிலும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அடிக்கடி ரத்ததானம் செய்பவரா? டாட்டூ குத்தினால் நம் நாட்டில் 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. என் சித்தப்பா பையன் வருடம் தவறாமல் கொடுப்பவன், முகாமுக்குப் போன பிறகுதான் இது அவனுக்குத் தெரிந்தது.

இன்னொன்று, இது வாடிக்கையாளருக்கு அல்ல, உங்களுக்கே. 2011, 2012 வாக்கில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில் 19 பேருக்கு டாட்டூவில் சிறு சிறு கட்டிகள் எழும்பின. முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் நிற மையில் இருந்த கிருமி. சாதாரண ஆன்டிபயாடிக்கில் எளிதில் போகாது. கறுப்பை நீர்க்கச் செய்ய நீங்கள் ஊற்றுவது கிருமி நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும், கேன் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ போதாது. எங்களிடமும் சொல்லி வையுங்கள்: முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பு இயல்பு, அது குறைய வேண்டும். பரவினாலோ, சுட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். சில வாரம் கழித்துக் கட்டி எழும்பினாலும் அதேதான்.

நாங்கள்தான் தாள் கொடுக்கிறோமே என்று சிலர் சொல்வீர்கள். பார்த்தேன், வழவழப்பான ஆங்கிலத் தாள். குளிர்நாட்டுக்காரர் எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். ஹெல்மெட் போட்டாலும் முன்கை வெயிலில் எரியும் என்பதோ, ஆறும்வரை தளர்வான பருத்தி முழுக்கை போடு, ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் என்பதோ அதில் இல்லை. அம்மா மஞ்சள் பூச வந்தால் என்ன சொல்வது என்பது நிச்சயமாக இல்லை. தமிழில் ஒரு பக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுங்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் அழகுக்கென்று நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்குச் சீல் வைத்தபோது சட்டம் வேண்டும் என்று எல்லோரும் பேசினோம். சட்டம் வருகிறபோது வரட்டும், ஒரு தாள் அடிக்க அது தேவையில்லை.

அப்பத்தாவுக்குப் பச்சை குத்திய பெண்மணி ஊர் ஊராகப் போகிறவர். விளக்குக் கரி, ஊசி, மஞ்சள், அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. அந்தச் சுத்தத்தை இன்று நான் ஏற்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் அவர் அதே தெருவுக்குத் திரும்ப வந்து, அப்பத்தாவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். அப்பத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் தன் கையைத் திருப்பிக் காட்டுவார். உங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. முதல் நாள் படம் உங்களுக்கு வேண்டும், ஐந்தாம் நாள் படத்தை யாரும் கேட்பதில்லை.

கை இப்போது முழுதாக ஆறிவிட்டது. மார்கழியில் வெயில் குறைந்ததும் அந்த ஒரு புள்ளியை வைக்க வருவேன். எந்தக் கடை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அட்வான்ஸ் கேட்பதற்கு முன் தாளை எடுத்து நீட்டுகிற கடைக்கு.

இப்படிக்கு,
எட்டுப் புள்ளி அக்கா,
வேளச்சேரி