ஆண்டறிக்கை 2024–25: நம் ஆறும் நம் ஊர்க் கழிவுநீரும்

தலைவர் அவர்களே, பெரியோர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ் வகுப்புகளும் ஆடி மாதத்து மாரியம்மன் கஞ்சி வழிபாடும் குறைவின்றி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தைப்பூசத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவடி புறப்படுமுன், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஓடும் நம் உம்ட்லோட்டி ஆற்றில் நீராடிக் குடத்தில் நீர் முகப்பது, கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன் பூட்டன் நமக்கு விட்டுச்சென்ற வழக்கம். இவ்வாண்டு ஆற்றில் கழிவுநீர் கலந்திருப்பதால், பிள்ளைகளின் உடல்நலத்தை எண்ணி, வெருலம் நகரிலிருந்து குழாய்நீரைப் பீப்பாய்களில் ஏற்றிச்சென்று கரையிலேயே சடங்கை முடித்தோம். அம்முடிவை எடுத்த கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர் கண்கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் வட்டாரத்துக் கழிவுநீர் நிலையங்களும் நீரேற்று நிலையங்களும் சேதமடைந்து, மலத்திலிருந்து வரும் ஈ.கோலை நுண்ணுயிர் மிகுந்து கடற்கரைகள் மூடப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். அதே ஆண்டில் வெளியான, கழிவுநீர் அமைப்புகளை மதிப்பிடும் அரசின் கிரீன் டிராப் அறிக்கை, நாடு முழுவதும் மதிப்பிட்ட 995 கழிவுநீர் அமைப்புகளில், நகராட்சிகளுக்குரியவற்றில் மட்டும் 334 மிக மோசமான நிலையில் இருப்பதாகக் கூறியது. ஆகவே இது நம் ஊரோடு முடிகிற துன்பமன்று. ஆயினும், எல்லாவற்றுக்கும் வெள்ளமும் மின்வெட்டுமே காரணம் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது சரியன்று என்பதே என் கருத்து. 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதங்கள் முறைவைத்த மின்வெட்டே இல்லை. அக்காலத்திலும் நம் பள்ளத்துத் தெருவில் சாக்கடை மூடிகள் வழிந்தன. அடைப்பை நீக்கிய ஊழியர்கள் எடுத்துக்காட்டியவை துணிக்கந்தல், குழந்தைகளின் அணையாடை, கல்லாய் இறுகிய சமையல் கொழுப்பு ஆகியவை. கூரைமழைநீரைக் கழிவுக்குழாயில் விடும் வீடுகளும் உண்டு. ஒரு மணி நேரப் பெருமழையில் குழாய் நிரம்பி, நிலையத்தைச் சேருமுன்னே கழிவு ஆற்றுக்குப் போய்விடுகிறது.

கழிவு நிலையத்தைச் சேர்ந்தாலும், அங்கே கழிவைத் தின்று நீரைத் தெளியவைப்பவை நுண்ணுயிர்களே. காற்றூட்டும் பொறி நெடுநேரம் நின்றால் அவை மடிந்து, அம்மோனியா குறையாத நீர் வெளியேறும். 1998ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டத்தின்கீழ் வெளியேற்றும் நீருக்கு உள்ள பொது வரம்பு, லிட்டருக்கு 6 மில்லிகிராம் அம்மோனியா, 100 மில்லிலிட்டருக்கு 1000 மலக் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் என்பதாகும். நம் ஆற்றின் முகத்துவாரம் மணல்மேடிட்டு அவ்வப்போது மூடிக்கொள்ளும் இயல்புடையது. அப்போது வந்து சேரும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் கடலுக்குப் போக வழியின்றித் தங்கி, ஆகாயத்தாமரையை வளர்க்கின்றன. நீர்ப்பரப்பை அது மூடிவிட்டால் அடியில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மூச்சடைத்துச் சாகின்றன.

நம் இளைஞரணி, சிற்றுயிர்களைக் கொண்டு ஆற்றின் நலத்தை அளக்கும் மினிசாஸ் முறையைக் கற்றுக்கொண்டு, வலையால் ஆற்றடிக் கற்களைத் துழாவி, பதின்மூன்று வகைச் சிற்றுயிர்களில் எவை இருக்கின்றன என்று பதிந்து வருகிறது. தூய நீரில் மட்டுமே வாழும் கல்லீ என்னும் பூச்சியின் குஞ்சுக்கு 17 மதிப்பெண். அட்டைக்கும் புழுவுக்கும் 2. பாலத்துக்கு நீர் வந்துசேரும் மேல்பகுதியில் தும்பிக் குஞ்சுகளும் நண்டும் கிடைத்தன. பாலத்தைத் தாண்டிய கீழ்ப்பகுதியில் புழுவும் அட்டையுமே மிகுதி. ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், மாதந்தோறும் ஒரே இடத்தில் எடுத்த பதிவேடு கையில் இருந்தால், உரிய அலுவலர்களிடம் நாம் வெறுங்கையோடு முறையிட வேண்டியதில்லை.

சங்கச் சமையற்கூடத்திலும் தவறு இருந்தது. அன்னதானத்துக்குப் பின் எண்ணெய்ச் சட்டிகளைக் கழுவிய நீர் நேரே சாக்கடைக்குப் போனது. இப்போது கொழுப்பைத் தடுக்கும் தொட்டி கட்டப்பட்டுள்ளது. பழைய எண்ணெய் தனியே சேர்க்கப்படுகிறது. வழிபாட்டுத் துணியும் மாலையும் ஆற்றில் விடப்படாமல் கரையிலேயே திரட்டப்பட்டன. சிலர் மனம் வருந்தியதை அறிவேன். அவர்களிடம் நேரில் சென்று பேசியும் இருக்கிறேன்.

கழிவுநீர் நிலையத்தின் மாதாந்திரச் சோதனை முடிவுகளை ஊர் நூலகத்தில் ஒட்டுமாறு எழுத்துமூலம் கோரவும், இளைஞரணிக்கு வலைகளும் நீர்த்தெளிவு அளக்கும் குழாயும் வாங்கவும் பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன். அடுத்த ஆற்றுப் பதிவு வரும் மாத முதல் சனிக்கிழமை காலை, பாலத்தடியில்.

இங்ஙனம்,
செயலாளர்