கராத்தே களத்தில் ‘பாவம்’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கராத்தே போட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்குப் பார்வை இல்லை. சமீபத்தில் ஒரு போட்டியில் அவள் களத்தில் ஏறியதும் மைக் பிடித்தவர், “பாவம், ரெண்டு கண்ணும் தெரியாத குழந்தை, எல்லாரும் பலமா கை தட்டுங்க” என்றார். அரங்கமே அதிர்ந்தது. நடுவரின் குரல் வரும் பக்கத்தை வைத்துத்தான் அவள் நேராக நிற்பாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அவள் செய்தது ஹெயான் ஷோடான் கட்டா. கட்டா என்றால் எதிராளி இல்லாமல், வகுத்து வைத்த அசைவுகளை வரிசையாகச் செய்து காட்டுவது. மொத்தம் 21 அசைவுகள். இடம், வலம், பின்பக்கம் என்று திரும்பித் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்க வேண்டும். பார்வை உள்ள பிள்ளைகளே பல நேரம் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். இவள் பாதத்தைத் தரையோடு இழைத்து வைத்து, குதிகாலில் திசையை உறுதி செய்துகொண்டு, அதன்பிறகே இடுப்பைத் திருப்புவாள். மைக்கில் சொல்ல வேண்டியது இதைத்தான். மறுநாள் ஒரு பத்திரிகையில் ‘ஊனத்தை வென்ற சிறுமி’ என்று செய்தி வந்தது. கட்டாவின் பெயர்கூட அதில் இல்லை.

ஒகினாவாவில் பிறந்து, 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியவர் ஃபுனாகோஷி கிச்சின். அவர் வகுத்த 20 நெறிகளில் முதலாவது, கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது என்பது. மற்றவரை மதிப்பேன் என்று வகுப்பு முடியும்போது பிள்ளைகள் உறுதிமொழியும் சொல்கிறார்கள். ஆனால் பல மாஸ்டர்கள், “ஏன்டா நொண்டி மாதிரி நிக்கிற? செவிடா நீ?” என்றுதான் அதட்டுகிறார்கள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு மொழியிலும் திட்டு உண்டு. தமிழில் நொண்டி, மலையாளத்தில் பொட்டன், அதாவது செவிடன். குனிந்து வணங்கிவிட்டு இப்படிப் பேசினால் அந்த வணக்கம் வெறும் உடற்பயிற்சிதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92-இன்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்தும் எண்ணத்துடன் அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மைக் பிடித்தவருக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை, சரி. நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் அந்தச் சிறுமி போட்டி போட வந்தவள், இரக்கம் கேட்டு வந்தவள் கிடையாது. உலக கராத்தே சாம்பியன்ஷிப்பில் 2014-இலேயே பாரா கராத்தே வந்துவிட்டது. பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கட்டா செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள்.

தங்கள் நிருபர்கள் அடுத்த முறை கட்டாவின் பெயர், பெல்ட், மதிப்பெண் ஆகியவற்றை முதலில் எழுதட்டும். குறைபாட்டைச் சொல்ல வேண்டியிருந்தால் ஒரு வரி போதும். அதையும் எப்படிக் குறிப்பிடலாம் என்று அந்தப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், அரசியல் செய்திகளுக்கு ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’, ‘நொண்டிச் சாக்கு’ என்று தலைப்புப் போடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
கராத்தே பயிற்சியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை.