முதுகு நீர்ச் சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டாம்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அக்கா மகளுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சல். இரண்டு வாரமாகத் தலைவலி, விட்டு விட்டுக் காய்ச்சல், வாந்தி. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். கழுத்து விறைத்த பிறகுதான் அரசு மருத்துவமனையில், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள். அதுவரை யார் மீதும் எனக்குக் குறையில்லை. இந்த நோய் அப்படித்தான் மெதுவாகத் தொடங்கும் என்று தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். எடுத்த நீரைக் குப்பியில் ஊற்றி, பக்கத்து மாவட்ட மருத்துவக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என் கையில் தந்தார்கள். சனிக்கிழமை, பேருந்தில் கூட்டம். குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக் கையால் மூடிக்கொண்டே நின்றேன். அந்த நீரிலுள்ள வெள்ளணுக்கள் ஓரிரு மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கும், எடுத்த இடத்திலேயே உடனே எண்ண வேண்டும் என்று ஆய்வகத்தில் போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள். அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு எங்கே என்றும் கேட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நீரில் சர்க்கரை குறைந்திருப்பது தெரியுமாம். அதை யாரும் எடுக்கவில்லை. காசநோய்க் கிருமி பார்ப்பவர் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கண் ஒருக்களித்துக்கொண்டது. முடிவு வரட்டும் என்று மருந்தும் காத்திருந்தது. இன்று அவளால் இடது கையில் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் இடது கைப் பழக்கமுள்ளவள்.

ஐயா, நாங்கள் புதிதாக எதையும் வாங்கித் தரச் சொல்லவில்லை. காசநோயைக் கண்டறியும் சிபிநாட் கருவி, நீர் எடுத்த அந்த அரசு மருத்துவமனையிலேயே இருந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவி. 'இங்கே சளி மட்டும்தான் பார்ப்போம்' என்றார்கள். தண்டுவட நீரையும் அதில் சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை மூளை தாங்காது. இந்த நோயில், நினைவு தெளிவாக இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களும் மயக்கத்துக்குப் போன பிறகு தொடங்கியவர்களும் ஒரே மாதிரி பிழைத்து வருவதில்லை என்பதை உங்கள் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. காசநோய் இறப்பைக் குறைக்க 2022-ல் தனித் திட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. அப்படிப்பட்ட ஊரில் நோயாளியின் மாமன்தான் மாதிரியைச் சுமந்து அலைய வேண்டுமா? வேலை நேரம் முடிந்ததென்று கிருமி காத்திருக்குமா? இதற்கு யார் பதில் சொல்வது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்கவும். கேட்பது இதுதான். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் முதுகு நீர்ச் சோதனை இரவும் ஞாயிறும் நடக்க வேண்டும். நீர் எடுக்கும்போதே ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அந்த நீரில் காசநோய்க் கிருமி மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதால், போதுமான அளவு எடுத்துச் சுழற்றி, அடியில் தங்குவதை சிபிநாட்டில் அன்றே சோதிக்க வேண்டும். அதில் கிருமி தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டாமல், சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தைத் தொடங்கச் சொல்லி மருத்துவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாதிரியை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவமனை வண்டியில் போகட்டும், உறவினர் கையில் வேண்டாம்.

அன்றன்றே சோதனை, அன்றன்றே முடிவு. இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அது எந்தத் தேதிக்குள் வரும் என்று பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் தாய்மாமன்