டிப்ஸுக்கு வரி இல்லை, சரி, கூலி?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் டிப்ஸ் வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைத்ததைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பதினேழு வருடமாக டெக்சாஸில் இருக்கும் என்னால் அந்தப் பாராட்டில் சேர முடியவில்லை.

இங்கே ஓட்டலில் பரிமாறுகிறவருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர். அச்சுப் பிழை இல்லை, இரண்டு டாலர் பதிமூன்று சென்ட்தான். 1991-இல் வந்த தொகை அது. முன்பெல்லாம் பொதுவான குறைந்தபட்சக் கூலி ஏறினால் இதுவும் கூடவே ஏறும். 1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் பொதுக் கூலியை உயர்த்திவிட்டு, டிப்ஸ் வாங்குபவர்களை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. அன்று நின்றது இன்னும் நகரவில்லை.

டிப்ஸையும் சேர்த்து, பொதுக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் மகள் கல்லூரியில் படித்தபோது ஓர் உணவகத்தில் வேலை பார்த்தாள். மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து மணி நேரம் நின்றதற்கு டிப்ஸ் பதினெட்டு டாலர். ஆனால் கணக்கை நாள்வாரியாகப் பார்ப்பதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் கிடைத்ததோடு சேர்த்து வாரச் சராசரி எடுத்தால் எல்லாம் சட்டப்படி சரியாகிவிடும். அப்படியே குறைந்தாலும், அடுத்த வார ஷிப்டை எழுதுகிற மேனேஜரிடம் போய் அந்த மீதியை யார் கேட்பார்கள்? அவள் கேட்கவில்லை.

இப்போது வரிவிலக்குக்கு வருகிறேன். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மணிக்கு 7.25 வீதம் வாரம் நாற்பது மணி நேரம், வருடம் முழுக்க லீவே போடாமல் உழைத்தால் கிடைப்பது 15,080 டாலர். வரி கணக்கிடுமுன் தனி நபர் எவரும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான கழிவே 2025-இல் 15,750 டாலர். ஆக, அவர் கட்ட வேண்டிய வருமான வரி முன்பே பூஜ்யம்தான். இல்லாத வரியில் என்ன விலக்கு? சமூகப் பாதுகாப்புக்கும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் சம்பளத்தில் பிடிக்கிற 7.65 சதவீதம் வழக்கம்போலத் தொடர்கிறது. விலக்கின் பலன் போவது, பெரிய பில் வருகிற விலையுயர்ந்த உணவகங்களில் நல்ல டிப்ஸ் பார்க்கிறவர்களுக்கு. அதுவும் 2028 வரைதான். பெரிய நிறுவனங்களுக்கு 2017-இல் 21 சதவீதமாகக் குறைத்த வரிக்கு அப்படி ஒரு கடைசித் தேதியே வைக்கவில்லை.

டிரம்ப் இந்த வாக்குறுதியை 2024-இல் லாஸ் வேகஸில் அறிவித்தார். அந்த நெவாடா மாநிலத்தில் டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமலே முழுக் குறைந்தபட்சக் கூலியையும் கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன், மின்னசோட்டா உட்பட ஏழு மாநிலங்களில் இதுதான் சட்டம். அங்கேயும் ஓட்டல்கள் நடக்கத்தான் செய்கின்றன.

குடியரசுக் கட்சியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கமலா ஹாரிஸும் இதே வாக்குறுதியைக் கொடுத்தார். கூலியையும் உயர்த்துவேன் என்று சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான். 2021 மார்ச்சில் பொதுக் கூலியை 15 டாலராக்கும் முயற்சி செனட்டில் 42-க்கு 58 என்று தோற்றபோது, ஜனநாயகக் கட்சி அணியிலிருந்தே எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்தப் பொதுக் கூலியும் 2009 ஜூலையிலிருந்து 7.25-இல் நிற்கிறது. மக்கள் மனம் வேறு மாதிரி இருக்கிறது. 2020-இல் டிரம்பைத் தேர்ந்தெடுத்த அதே புளோரிடா, அதே நாளில் 15 டாலர் கூலிக்கும் அறுபது சதவீதத்துக்கு மேல் ஆதரவு கொடுத்தது.

ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் பில்லில் இருபது சதவீதம் டிப்ஸ் கேட்பதைப் பார்த்து, “இதென்ன அநியாயம்?” என்பார்கள். அநியாயம்தான். ஆனால் அது நம் மேஜைக்குத் தட்டு கொண்டுவருகிறவர் செய்தது இல்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்த 2.13 டாலரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகி,
டாலஸ், டெக்சாஸ்