ஊர் மாறியவர்களை ஏன் மறைக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், 'ரயில் வரும்வரை ஐரோப்பியக் குடியானவர் பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டியதே இல்லை' என்று ஒரு வரி. அதற்குமேல் கட்டுரையைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

31 ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இதே வரியை விடைத்தாள்களில் எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்பேன்! தாங்கள் அறியாததல்ல: இங்கிலாந்தில் கிளேவொர்த் கிராமத்துப் பாதிரியார் வில்லியம் சாம்சன் 1676இலும் 1688இலும் ஊராரை வீடுவாரியாக எழுதி வைத்தார். முதலில் 401 பேர், பிறகு 412 பேர். ஆனால் இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் 157 பேர்தான். காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் சாகவில்லை; வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மகள் நாட்டிங்ஹாமில் இருந்தபோது கிளேவொர்த்துக்குப் போனேன். தேவாலயத்துக் கல்லறைகளுக்கு நடுவே நின்றபோது, அங்கே புதைக்கப்படாதவர்களின் நினைவே வந்தது.

பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் பண்ணை வேலைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். ஓராண்டு ஒப்பந்தம், வடக்கே நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் கூலி வாங்கிக்கொண்டு, பெட்டியோடு அடுத்த பண்ணைக்கு நடப்பார்கள். கல்யாணமான ஏழைகளும் குழந்தைகுட்டிகளோடு ஊர் மாறினார்கள். அப்படி வந்து, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறுபவர்களை 40 நாளுக்குள் பழைய ஊருக்கே துரத்தலாம் என்று 1662இல் சட்டம் போட்டார்கள். யாருமே நகராத நாட்டுக்கு இந்தச் சட்டம் எதற்கு? ரஷ்யாவில் 1497ஆம் ஆண்டுச் சட்டம், நவம்பர் 26க்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் மட்டும் குடியானவர் நிலக்கிழாரை விட்டுப் போகலாம் என்றது. பிறகு அந்த உரிமையையும் பறித்தார்கள். அவர்கள் நகராதவர்கள் அல்லர், கட்டிப்போடப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

இரண்டு ஆண்டுக்கு முன் இதே பக்கத்தில், அக்காலத்தில் எல்லோரும் முப்பது வயதில் கிழவரானார்கள் என்று வந்தது. பச்சிளங் குழந்தைகளின் மரணம்தான் சராசரி ஆயுளைக் குறைத்தது என்று இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டே வரி வெளிவந்தது, அதிலும் என் தலைப்பெழுத்து தவறு. அப்போது பொறுத்துக்கொண்டேன்.

இம்முறை அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் என் பெயர்கூட வேண்டாம்; 401, 157 என்ற இரண்டு எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்