பச்சை இல்லாத கோடையும் பார்வை இல்லாத கன்றும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கறவை மாடுகளுக்கான வைட்டமின்கள் பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏ-யிலிருந்து கே வரை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து எழுதியிருந்தது. அப்படிப் படித்தால் மாடு வளர்ப்பவருக்கு மருந்துக்கடையில் டானிக் பாட்டில் வாங்கத்தான் தோன்றும்.

அசைபோடும் மாட்டுக்கு பி வைட்டமின்களையும் கே-யையும் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே செய்துகொடுத்துவிடும். பி12-க்கு வேண்டிய கோபால்ட் தாது உப்புக் கலவையில் கிடைக்கும். சி-யை ஈரல் தயாரித்துக்கொள்ளும். டி-க்கு வெயில் போதும். தீவனத்திலிருந்து வந்தே ஆகவேண்டியவை ஏ-யும் இ-யும். இரண்டுமே பசுந்தீவனத்தில் இருக்கின்றன. வைக்கோலில் ஏ-க்கு மூலமான கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் மழை பொய்த்தது. சினை மாட்டுக்கு ஐந்து மாதம் வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு மட்டும்தான். மாடு மெலியவில்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை. பால் வற்றுவதற்கு முன்பே வெண்ணெய் வெளுத்துப்போயிருந்தது. பசு வெண்ணெயின் மஞ்சள் நிறமே கரோட்டின்தான் என்பது அப்போது தெரியாது. கன்று பிறந்து எழுந்தது, மடியைத் தேடிப் போய்ச் சுவரில் முட்டியது. திரும்பத் திரும்ப முட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன், விரிந்த கண்மணி சுருங்கவே இல்லை. தாயின் ஈரலில் இருந்த இருப்பு தீர்ந்ததால் கன்றின் மண்டையோட்டு எலும்பு சரியாக வளராமல் பார்வை நரம்பை நெரித்துவிட்டது, இனி எந்த ஊசியும் பார்வையைத் திருப்பித் தராது என்றார் மருத்துவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல தீவனம் தின்ற மாட்டின் கன்றுகூட ஏ வைட்டமின் அதிகம் இல்லாமல்தான் பிறக்கிறது. தாயிடமிருந்து அது சீம்பால் வழியாகவே வரவேண்டும். சாதாரணப் பாலைவிட சீம்பாலில் அது பல மடங்கு அதிகம். எங்கள் பக்கம் இன்னமும் ‘நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் குடிக்க விடலாம்’ என்று கன்றைப் பிரித்துக் கட்டுகிறார்கள். கொடி விழ ஆறு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் அதற்குள் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. கலப்பினக் கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் சீம்பாலாவது உள்ளே போக வேண்டும். வீட்டுக்கும் உறவுக்கும் திரட்டுப்பால் காய்ச்சுவது கன்று குடித்து மிஞ்சியதில்தான்.

இப்போது கிணற்றடியில் வேலிமசால் என்ற தீவனச் செடி போட்டிருக்கிறேன், வரப்பில் அகத்தி நிற்கிறது. கோடையில் மற்ற மாடுகளுக்கு இல்லாவிட்டாலும் சினை மாட்டுக்குத் தினம் ஒரு கட்டு போகிறது. வெண்ணெய் வெளுத்தால் பச்சை குறைகிறது என்பதையும், கொடி விழக் காத்திருக்காமல் சீம்பால் கொடுப்பதையும் பங்குனி பிறக்கும் முன்பே ஒரு முறை கட்டம் கட்டி வெளியிடுங்கள். பால் ஊற்ற வரும் இடத்தில் அதை நானே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர்,
கரூர் மாவட்டம்