சிலைக்குக் காசு கொடுத்தவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பயணப் பக்கத்தில் சிலி நாட்டின் புன்டா அரேனஸ் துறைமுக நகரைப் பற்றிய கட்டுரை படித்தேன். நகர்ச் சதுக்கத்தில் உயரமாக நிற்கும் போர்த்துகீசியக் கடலோடி மகெல்லனின் சிலை, அதன் கீழே பழங்குடி மனிதரின் உருவம், அவருடைய கால்விரலைத் தொட்டால் மறுபடியும் அந்த ஊருக்கு வருவோம் என்ற நம்பிக்கை, தொட்டுத் தொட்டு விரல் மட்டும் பளபளப்பது எல்லாம் சுவையாக இருந்தன. ஆனால், சிலைக்குக் காசு கொடுத்தது யார் என்று ஒரு வரிகூட இல்லையே! மலேசிய ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

கொடுத்தவர் ஹோசே மெனென்டெஸ். ஸ்பெயினிலிருந்து போய், கப்பல், ஆட்டுப் பண்ணை என்று பெருகிய முதலாளி. அந்த ஊரையொட்டிய, இன்று அவர் பெயரால் வழங்கும் நீரிணையை மகெல்லன் கடந்த 400ஆம் ஆண்டு நினைவாக 1920இல் சிலை வைத்தார்கள். செய்தவர் சிற்பி கில்லர்மோ கோர்டோவா. மெனென்டெஸ் 1918இலேயே இறந்துவிட்டார்.

நீரிணைக்கு அக்கரையில் தியெரா டெல் ஃபுவேகோ தீவு. அங்கத்துப் பழங்குடிகளான செல்க்னம் மக்கள் குவானாகோ என்ற ஒட்டக இன விலங்கை வேட்டையாடிய புல்வெளியை 1880களிலிருந்து வேலி போட்டு வளைத்து ஆடு விட்டார்கள். வேட்டைக்கு வழியில்லாமல் ஆட்டைப் பிடித்துத் தின்றவர்களைச் சுட்டார்கள். கொன்றதற்கு அத்தாட்சியாகக் காதை அறுத்துக் காட்டினால் கூலி. மெனென்டெஸின் பண்ணையில் மேலாளராக இருந்த மெக்லெனன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதில் பேர்போனவர். ‘சிவப்புப் பன்றி’ என்பது அவருடைய பட்டப்பெயர். துரைக்குப் பட்டப்பெயர் வைப்பது எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்! சாகாமல் தப்பியவர்களில் பலர் டாசன் தீவில் இருந்த கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பில் நோய் கண்டு மாண்டார்கள். அழிந்துபோன இனம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட அவர்களைச் சிலி சட்டப்படி அங்கீகரித்தது 2023இல்தான்.

2019இல் சிலியில் நடந்த மக்கள் போராட்டத்தின்போது அதே ஊரிலிருந்த மெனென்டெஸின் மார்பளவுச் சிலையைப் பெயர்த்துவந்து, அந்தப் பழங்குடி மனிதரின் காலடியில் போட்டுவிட்டார்கள். கட்டுரையில் இது இடம்பெற்றிருக்க வேண்டாமா?

எங்கள் சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டத் துரைமார்களுக்குப் பத்து காஜாவில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. சரி, இருக்கட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால்மரம் வெட்டியவர்களைப் புதைத்த இடங்களோ, சில தோட்டங்களில் செம்பனைக்கு அடியில் போய்விட்டன. எது எங்கே என்று காட்டக்கூட ஆளில்லை.

அப்புறம், மகெல்லன் நமக்கும் புதியவர் அல்ல. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் இருந்தவர். அங்கே அவர் கைக்கு வந்த அடிமைதான் என்ரிக்கே. அந்த நீரிணையை அவரும்தான் அதே கப்பல்களில் கடந்தார். தான் இறந்ததும் என்ரிக்கேயை விடுவிக்க வேண்டும் என்று மகெல்லன் உயில் எழுதியிருந்தார். 1521 ஏப்ரலில் மக்தான் தீவில் அவர் கொல்லப்பட்டபின், கப்பல் தலைமையை ஏற்றவர்கள் அதை மதிக்கவில்லை. சதுக்கத்துச் சிலையில் என்ரிக்கேக்கு இடமில்லை.

கட்டுரையாளர் மறுபடி எழுதினால் அவரையும் சேர்த்து எழுதட்டும். பயணப் பக்கத்தில் இடம் போதாவிட்டால் மாணவர் பகுதியில் போடுங்கள். மலாக்கா பாடத்தோடு சேர்த்துப் படிக்கத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்